மஞ்சள் உடம்பு, கறுப்பு நுனி

ஜூன் 3
எழுதப் படிக்கத் தெரியாதவன் நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மகள் போன தடவை வந்தபோது பழக்கிவிட்டாள். "தனியா பேசறதுக்கு இதுகிட்ட பேசுங்கப்பா." எழுதியதை எனக்கு வாசிக்கத் தெரியாது, அவளும் கேட்பதில்லை. தைரியமாகப் பேசலாம்.

இன்று பழைய ரேடியோவில் கழற்றிய ரெசிஸ்டர்களை, மின்சாரத்தை அளவோடு விடுகிற சின்னச் சாமான்களை, வகை பிரித்தேன். எல்லாம் என்னைவிட மூத்தவை. எண் கிடையாது, கோடு கிடையாது. உடம்பு நிறம் முதல் எண், நுனி நிறம் இரண்டாவது, நடுவிலுள்ள புள்ளி எத்தனை சைபர் என்று சொல்லும். பள்ளிக்கூடம் போகாத எனக்கு வாய்த்த எழுத்து இதுதான்.

ஒன்று மஞ்சள் உடம்பு, கறுப்பு நுனி. சிரித்துவிட்டேன். மஞ்சள் நாலு, கறுப்பு சைபர். நாற்பது என்று ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. நாற்பத்தேழு உண்டு, அதன் நுனி ஊதா. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கறுப்பேதான்.

அப்போ கண்ணுதான் பொய் சொல்லுது.

ஜூன் 6
கண் ஆஸ்பத்திரி. புரையாம். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டரம்மா. "கூட ஒருத்தர் வரணும் தாத்தா. ஆள் இல்லாம செய்ய மாட்டோம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். யாரைச் சொல்ல? மகளிடம் சொன்னால் விமானம் ஏறிவிடுவாள். புது வேலை, இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். அவ அம்மா இருந்திருந்தா —

ஜூன் 7
யாரும் வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை.

ஜூன் 9
மெத்தைக்காரர் வந்தார். கீழே மெத்தை தைக்கிற கடை அவருடையது. என் வாசல் தாண்டி வருகிற ஒரே மனுஷர். அவருடைய ரேடியோவைச் சரிசெய்து கொடுத்தேன். "பாடலேன்னா பஞ்சடைச்சு தலகாணின்னு வித்துருவேன்ணே."

ஆஸ்பத்திரிக்கு இவரைக் கூப்பிடலாமா? வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 10
மெத்தைக்காரர் ரேடியோ புகைந்துவிட்டது. அத்தனை பஞ்சுக்கும் நடுவில்! பக்கத்திலேயே இருந்ததால் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

அதே மாதிரி மிச்சமிருந்த ஒன்றை இப்போது மீட்டரில் பார்த்தேன். ஆரஞ்சுப் புள்ளி என்று நான் வைத்தது பழுப்பு. மூன்று சைபர் வேண்டிய இடத்தில் ஒரே சைபர், மின்சாரம் அளவு மீறிப் பாய்ந்திருக்கிறது. பழைய ஆரஞ்சு காய்ந்தால் பழுப்பாகும். அதனால், பழுப்பைப் பார்த்தாலும் ஆரஞ்சாக இருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். நேற்றே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேசையிலேயே கிடந்தது. ஏன்டா எடுக்கல? எடுத்தா கண்ணு போச்சுன்னு ஒத்துக்கணும். அதான்.

கீழே போனேன். "அப்புறம் பேசுவோம்ணே" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

ஜூன் 14
கீழே தையல் மெஷின் ஓடுகிறது. நின்றால் காதைத் தீட்டிக்கொள்கிறேன். படியேறுகிறாரோ? இல்லை, நூல் மாற்றியிருக்கிறார். மறுபடி ஓடுகிறது.

ஜூன் 17
போய்ச் சொல்லிவிட்டேன். "கண்ணு தெரியல. அதான் புகைஞ்சுது. உங்க கடையே எரிஞ்சிருக்கும்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அத அன்னிக்கே சொன்னா என்ன? உங்களுக்கு வேலை மறந்துபோச்சாக்கும், மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறதுன்னு நான் மேல வராம இருக்கேன்."

"ஆபரேஷனுக்குக் கூட ஆள் வேணுமாம்."

"என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா? அந்த அளவுக்கா கண்ணு போச்சு?"

ஜூன் 24
நேற்று ஆபரேஷன். இரவு மெத்தைக்காரர் என் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தார். மெத்தைக்காரருக்குப் பாய்!

காலையில் ஆஸ்பத்திரியில் கண் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது அவர் முகம். எத்தனை சுருக்கம்! புருவம்கூட நரைத்திருக்கிறது.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஏன், பொண்ணு பாக்கப் போறீங்களா?"

விடாமல் கேட்டேன். என்னைவிட மூத்தவர்.

"அப்புறம் என்னை எதுக்கு அண்ணேன்னு கூப்பிடறீங்க?"

சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னார். "கூப்பிட எனக்கும் ஒருத்தர் வேணாமா?"

கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துடைக்கவில்லை.