ஓட்டை இல்லாத பெல்ட்

இன்று பட்டறையின் பின்பக்கம் கிடந்த பழைய இரும்பையெல்லாம் வாரி வெளியே போட்டேன். எடைக்கு எடுக்க வந்தவர் குவியலைக் காலால் கிளறி, உங்கள் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தார். "யக்கா, தோல அறுத்துட்டு இரும்ப மட்டும் போடுங்க" என்றார். எப்போது அதற்குள் போய் விழுந்ததோ தெரியவில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சொல்வதானால் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் நம் பட்டறைக்கு வழி கேட்டால், புருஷன் ஒட்டுவான், பெண்டாட்டி பூசுவாள், அந்தக் கடையா என்பார்கள். கேட், ஜன்னல், கிரில் எதுவானாலும் நீங்கள் வெல்டிங் வைத்துத் தேய்த்துப் போட்டதும் நான் துரு பிடிக்காமல் பூசும் ரெட் ஆக்ஸைடு டப்பாவோடு உட்கார்ந்துவிடுவேன். நாள் முழுக்கப் பேசிக்கொள்ள நமக்கு நேரம் இருந்ததில்லை. வேலைதான் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மலைமேல் கரியாலூரில் அருவிக்கு இறங்கும் படிகளுக்குக் கைப்பிடி வைக்கப் போனோமே, அப்போதுதான் உங்கள் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. ஒரு கையில் வெல்டிங் ஹோல்டர், மறு கையில் முகமூடி, இழுத்துவிட மூன்றாவது கை இல்லை. குனிந்தால் நழுவுகிறது, நிமிர்ந்தால் ஒட்டு விலகுகிறது. புளி பொறுக்கிவிட்டு அந்த வழியே வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. கடைசியில் சிமெண்ட் மூட்டை கட்டி வந்த கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தீர்கள். இறங்கி வரும்போது, தினம் நடப்பதால் சதை கரைகிறது என்று வேன்காரரிடம் சொன்னீர்கள். நீங்கள் எந்தக் காலத்தில் நடந்தீர்கள்? டீக்கடை தெருமுனையில் இருந்தாலும் வண்டியை எடுக்கிறவர்.

மறுநாள் காலை, கைப்பிடிக்கு வெட்டியதில் மிச்சம் வந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி எடுத்தீர்கள். வைஸில் இறுக்கி நாலு நாலு துண்டாக அறுத்து, முனையோடு முனை ஒட்டி, ஒரே அளவில் இரண்டு சதுர வளையம் செய்தீர்கள். பெல்ட் இரண்டுக்குள்ளும் நுழைந்து, ஒன்றுக்குள் மட்டும் திரும்பி வந்தால் இறுகிவிடும். முள் கிடையாது, ஓட்டை கிடையாது. ஆணியைக் காய்ச்சிப் பழைய பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம், இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன்.

"ஓட்ட போட்டா பெல்ட்டு கெட்டுப்பூடும். இது எங்க வேணா புடிக்கும்" என்றீர்கள். உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கறுப்பு அடித்துக் கொடு என்று என் பக்கம் தள்ளினீர்கள்.

உங்கள் ஒட்டு எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணால் பார்க்கத் தெரியாது, பிரஷ்ஷால்தான் தெரியும். கசடு தட்டிய பிறகு, மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக இருக்கும். பிரஷ் எங்கேயும் தடுக்காமல் ஓடும். அன்று அந்தச் சின்ன வளையத்தில் நாலு மூலையிலும் தடுக்கியது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஊசி குத்தியதுபோலக் குழிகள். கேட்டில் இது தெரிந்திருக்காது. பெரிய வேலைக்கெல்லாம் கையை எதன் மீதாவது ஊன்றிக்கொள்ள வழி இருக்கிறது. இதை மறைக்க உங்களுக்கு வழி இல்லை. சதை கரைந்ததை மறைக்கச் செய்த பொருள் உங்கள் கையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிரஷ்ஷை டப்பாவிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

கை நடுங்குகிறதா என்று கேட்டேன். வெல்டிங் ராடு ஈரம், அதனால்தான் குழி என்றீர்கள். சித்திரை வெயிலில் என்ன ஈரம்? எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அது உங்களுக்கே தெரியும்.

"இன்னும் எம்மாந்தூரம் இறுக்கிக்கினே போவீங்க? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கையிலிருக்கும் வேலை முடியட்டும் என்றீர்கள். வேலை கிடக்கட்டும் என்றேன். பட்டறைக்குப் பூட்டு போட்டு, சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

புற்று என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பது அசதி ஒன்றுதான். பாண்டிச்சேரிக்கு விடியற்காலை பஸ், வரிசை, பெஞ்சு, ஊசி, வாந்தி, திரும்பும் பஸ். நீங்கள் வரிசையில் நின்றபடியே பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிடுவீர்கள். அது நீங்கள் சொன்னபடியே எங்கே வேண்டுமானாலும் பிடித்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியாகப் போனபோது டாக்டர், இன்னும் ஒரு சுற்று மருந்து கொடுத்துப் பார்க்கலாம், பலன் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள்தான் கேட்டீர்கள்.

"போதும்னு தோணுது. இனிமே வூட்டோட இருந்துக்கிறேன். நீ இன்னா சொல்ற?"

பட்டறையைப் பூட்டிவிட்டு இழுத்துவந்தவள் நான் என்பதால் என்னிடம் கேட்டீர்கள். வேண்டாம், பார்த்துவிடலாம் என்று நான் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்திருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சல் ஒன்றும் இல்லை. களைத்துப்போயிருந்தீர்கள், அவ்வளவுதான்.

"சரிங்க. வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

இன்னொரு சுற்று பார்த்திருக்கலாமே என்று, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், உங்கள் தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொல்லட்டும், அவர் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. நான் சொன்னது சரியா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதையும் விட்டுவிட்டேன். அன்று ஜன்னலோரம் உங்களை உட்கார வைத்தேன். விழுப்புரம் வருவதற்குள் தூங்கிவிட்டீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நானும் தூங்கிவிட்டேன். எத்தனையோ மாதத்துத் தூக்கம். கள்ளக்குறிச்சியில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் தட்டி எழுப்பினார். எழுந்தபோது என் மனதில் ஒரு பாரமும் இல்லை. நிம்மதியாக இருந்தது. உங்களிடம் அதைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் அப்படித் தூங்கியது அதுதான் கடைசி, அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தூக்கம் வரவே இல்லை.