வலெற்றாவில் ஏற்றிய விளக்கு

வலெற்றா, மால்டா
27.05.1985

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

நான் நல்ல சுகம். உமக்கும் பிள்ளைக்கும் வற்றாப்பளை அம்மாள் துணை நிற்பா.

கப்பல் இங்கே நின்றதும் பயணிகள் பழைய கோட்டை பார்க்கப் போனார்கள். உடுப்புத் தோய்க்கும் எங்களுக்கும் அரைநாள் லீவு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கடிதம் வந்திருந்தது. எனக்கு இந்தத் துறைமுகத்திலும் இல்லை.

இன்று ஊரில் அம்மாளுக்குத் தீர்த்தமெடுத்து, எண்ணெய்க்குப் பதில் கடல்நீரில் விளக்கேற்றும் நாளல்லவா? நானும் கோட்டையடியில் இறங்கி, பட்டர் இருந்த ஒரு தகர ரின்னில் கடல்நீர் அள்ளித் திரி போட்டேன். கப்பல் குசினியில் சமையல் வேலை செய்யும் முல்லைத்தீவு மஸாஹிர் கூட வந்திருந்தான்.

"அண்ணை, அம்மாள் கேட்டது எங்கட கடல் தண்ணியையல்லோ? இது வெள்ளைக்காரன்ர கடல்!" என்று பகிடி பண்ணினான். ஆனால் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்புப் பிடித்ததும் அவன்தான்.

திரி சீறி அணைந்துவிட்டது. சகுனமென்று நினைக்க வேண்டாம். அது என் பழைய பெனியனில் கிழித்த திரி.

நீர் திரித்த திரி இரண்டும் கொஞ்சம் திருநீறும் அனுப்பும். ரேடியோச் செய்தியில் சண்டையென்றும் முல்லைத்தீவென்றும் கேட்டது, மிச்சம் விளங்கவில்லை. திரி அனுப்ப வசதியில்லாவிட்டால், அங்கே விளக்கு எரிந்ததென்று ஒரு வரி எழுதும். எரியாவிட்டாலும் எழுதும்.

கப்பல் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உம்முடைய
வீரபாகு