போட்டதை நிறுத்தக் கூடாதாம்

நேற்று உன் வீட்டு டிவியில் "சிக்னல் இல்லை" என்று வந்தது. நீலத் திரை, நடுவில் அந்த இரண்டே வார்த்தை. உன் முதல் வருசத் திதிக்காகக் கோபிக்கு வந்திருந்தேன். கூடத்தில் பாய் விரித்துச் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. உன் மகன் உன் போட்டோக்களை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி டிவியில் காட்டப்போகிறேன் என்று சொல்லியிருந்தான். மேசை மேல் இருந்த மானிட்டரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். டிவியில் நீ இல்லை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஏனென்றால் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் உன் சித்தப்பா. நானே போய்ச் சேர்ந்து ஒரு வருசமாச்சு, இன்னுமா புள்ள அந்தப் பழசையே நினைச்சுட்டிருக்கறே என்று கேட்பாய். ஆமாம், இன்னும்தான். உனக்குக் கோபப்படத் தெரியாது. அதனால் உன் பங்கையும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் இருவரும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினோமே, அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அந்தச் சின்ன மானிட்டரைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். பின்னால் நிற்பவளுக்கு முன்னால் நிற்பவளின் சடைதான் பாடம். கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்துவிட்டால் கடைசி வரிசை வரைக்கும் தெரியும் என்று கண்டுபிடித்தது நீதான். கோயமுத்தூர் போய், டிவிக்கு ஒயர் கொடுக்கிற கார்டு ஒன்றை அலைந்து திரிந்து வாங்கி வந்தாய். உன் அம்மா வீட்டு டிவியைக் கொடுத்தார்.

அந்த டிவியோடு நாம் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். மஞ்சள் முனை ஒயரைச் செருகினால் வெறும் புள்ளி மழை. ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரியவே ஒரு பகல் போனது. பிறகு படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையாக, கீழிருந்து மேலே உருண்டுகொண்டே. எனக்குத் தலை சுற்றியது. நீ கார்டோடு வந்த தாளை எழுத்தெண்ணிப் படித்து, அது வெளிநாட்டு டிவிக்குத் தோதாக வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னாய். கார்டில் இருந்த ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினாய். கலர் வந்தது, உருளல் நின்றது. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதே என்றேன், அதையும் பெரிதாக்கினாய். இருவரும் எதிர்க்கடையில் போண்டா வாங்கித் தின்றோம்.

விளையாட்டுக்காகவா இத்தனையும் செய்தாய்? உன் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் உன் சித்தப்பாவின் பம்ப்செட் கடைக்கு மேலே பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஒரு கூடம் நிறையப் பேருக்குச் சொல்லித்தர முடியும் என்று சித்தப்பா கண்ணால் பார்த்துச் சரியென்றால், கூடம் உனக்கு, நீ கிளாஸ் நடத்தலாம். இல்லையென்றால் கோபியிலிருந்து வந்த சம்பந்தத்துக்குத் தலையாட்டிவிட வேண்டும்.

கூடத்துக்குச் சாமான்களைக் கொண்டுபோய் முதல் நாளே போட்டுப் பார்த்தோம். தண்ணீர் மாதிரி ஓடியது. மறுநாள் நல்ல நேரம் பார்த்து உன் சொந்தம் முழுக்க வந்து இறங்கியது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. டிவியைப் பட்டுத்துணி போட்டு மூடினார்கள், திறப்பு விழாவாம். ஒயர் தொங்கினால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று உன் சித்தி அதைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சித்தப்பா கையால் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அதன்பிறகு துணியை எடுத்து, ஒயரைச் செருகி, டிவியைப் போட்டார்கள். கரேல் என்று இருந்தது. மானிட்டரில் படம் இருக்கிறது, டிவியில் ஒன்றுமில்லை.

நான் ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் டிவி இருக்கிறதா என்று தேடும், அப்போது ஒயர் இல்லை. நீ சித்தப்பா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

"ஏனுங் சித்தப்பா, ரெண்டு நிமிசங்க. கம்ப்யூட்டர நிறுத்திப்போட்டு மறுக்கா போட்டாச் சரியாப் போயிருமுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "நல்ல நேரத்துல போட்டத நிறுத்தக் கூடாது அம்மணி. ஏத்துன வெளக்க ஆராவது அணைப்பாங்களா? போட்டது போட்டபடி இருக்கட்டும்."

விளக்காம்! மின்சாரம் போனால் என்ன செய்வார்களாம்? அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அதை யார் நிறுத்தினார்கள்? நல்ல நேரம் முடிந்த பிறகாவது போட்டுக் காட்டுகிறோம் என்று நான் கெஞ்சினேன். ராகு காலம் வந்திடும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று உன் சித்தி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஒயரைப் பிடுங்கியதே அவர்தான்! நீ என்ன செய்தாய்? சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாய். கேசரி பத்துதுங்களா என்று வேறு கேட்டாய். அந்தச் சிரிப்பை மன்னிக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒரு வார்த்தை சொன்னாய். "அது பாக்கறப்ப நாம இருக்கோணும் புள்ள. அப்புறம் வந்து நின்னா கண்டுக்காது." டிவியைப் பற்றித்தான் சொன்னாய். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைப் பீரோ, கட்டிலோடு சீர் வரிசையில் வைத்து அனுப்பினார்களே, அதைத்தான் இன்றுவரை தாங்கமுடியவில்லை. கோபியில் உன் வீட்டுக்கு வந்தபோது அதன் மேல் உறை போட்டு, உறைக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. அந்தக் கூடமாவது யாருக்காவது பயன்பட்டதா? பம்ப்செட் பெட்டி அடுக்கிப் பூட்டி வைத்தார்கள். உன்னிடம் படித்திருக்க வேண்டிய பெண்கள் எத்தனை பேர் அந்தப் பூட்டுக்கு வெளியே நின்றார்களோ. நான் தனியாளாய் வேறு ஊரில் கிளாஸ் தொடங்கினேன். உன்னைப் போலப் பொறுமையாகச் சொல்லித்தர எனக்கு வரவில்லை. பிள்ளைகளைத் திட்டிவிடுவேன்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். உன் மகன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். படையலுக்கு முன்னாலேயே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன், டிவி ஒயரை இப்போதுதான் மாட்டினேன் அத்தை என்றான். நான் எழுந்து போய், உன் சீரோடு வந்த அந்தக் கம்ப்யூட்டர் மேல் கை வைத்தேன். பின்னாலிருந்து அதே குரல், இப்போது நடுக்கத்தோடு.

"சாமி காரியத்துல போட்டது அம்மணி. நிறுத்தாதீங்க."

"ரெண்டு நிமிசம் பொறுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். டிவியை முதலில் போட்டேன், ஒயர் இருக்கிறதா என்று பார்த்தேன், பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன்.

நீ வந்தாய். சுவர் அகலத்துக்கு வந்தாய். நம் மாடி அறையில் சாக்பீஸும் கையுமாக நீ நின்ற அந்தப் படம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பொடிசுகள் வரைக்கும் உன்னைப் பார்த்தார்கள். உன் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு அந்தப் புள்ள கேட்டது இவ்வளவுதானா?"

வருசக்கணக்காக நான் மனசுக்குள் சேர்த்துவைத்த ஏச்செல்லாம் தொண்டை வரை வந்தது. "ஆமாங்க, இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவள் உன் மகள். நான் கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

என் கிளாஸில் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாள் முதல் பாடம் அதுதான், உனக்குத் தெரியும். ஓடுகிற கம்ப்யூட்டரை அவள் கையாலேயே நிறுத்தச் சொல்வேன். தயங்கினால் திட்டுவேன். அதன்பிறகு மறுபடி போடச் சொல்வேன்.