தக்கை இல்லாத தக்கைக் கம்பெனி

லிஸ்பன்,
ஆகஸ்ட் 1945.

அன்புத் தங்கை ஒட்டீலியாவுக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பல்தசாருக்கும் அக்கா ஃபெலிஸ்மினா எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தானும் புனித அந்தோனியார் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

தபாலில் போட்ட என் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. உறையின் மேல் ‘வாங்க மறுப்பு’ என்று எழுதியிருந்தது மாப்பிள்ளையின் கையெழுத்து. எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அமெரிக்கக் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மனிதர் அவர். சகலை பெயர் எதிரியின் கூட்டாளி என்று ஆங்கிலேயரின் கறுப்புப் பட்டியலில் அச்சாகி வந்தால், கூட வேலை செய்பவர்கள் முன்னால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? அதனால்தான் இதைக் கப்பல் சமையல்காரர் கமீலோ கையில் கொடுத்தனுப்புகிறேன். “அவங்க பிரிச்சுப் படிக்கிற வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டேன் அக்கா” என்று சொல்லியிருக்கிறார். அவரை உட்கார வைத்து ஏதாவது சாப்பிடக் கொடு. கொஞ்சம் நிறையவே சமைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்லச் சண்டை முடிந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்குப் பிறகு, லசெர்டா என்ற வக்கீல் உன் அத்தான் கடைக்குச் சவரம் செய்துகொள்ள வர ஆரம்பித்தார். பட்டுக் கழுத்துப்பட்டை, வாசனைத் தைலம். ஒருநாள் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தபடியே, “வெனான்சியோ, உன்னை ஒரு கம்பெனிக்குத் தலைவர் ஆக்கட்டுமா?” என்று கேட்டாராம். இவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். வேடிக்கை இல்லை. தக்கை ஏற்றுமதிக் கம்பெனி. வாரத்தில் ஒருநாள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், மாதா மாதம் சம்பளம், தைத்த கோட்டு ஒன்று. கடை வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம். இவரும் சரி என்றார். கம்பெனி அலுவலக வாசலில் உன் அத்தான் பெயர் பித்தளைப் பலகையில் மின்னியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தெரு வழியாகவே என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். கோயில் எதிர்த் திசையில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேஜை, ஒரு மைக்கூடு, ஒரு தொலைபேசி. தக்கைக் கம்பெனி என்கிறார்கள், ஒரு புட்டியை அடைக்கக்கூட அங்கே தக்கை இல்லை. திரும்பி வரும்போது கேட்டேன்.

“என்னத்துலங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“தெரியலடி. ஜெர்மன்ல இருந்துச்சு. ஆனா ரொம்ப அழகாப் போட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்போது ஊர் முழுக்க அகதிகள். கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் துணிகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துத்தான் நான் சம்பாதித்தேன். ஆண்ட்வெர்ப்பிலிருந்து தப்பி வந்த ஓர் அம்மாள், பாவாடையை நான் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தபோது தன் கதையைச் சொன்னாள். அவளுடைய அப்பாவை மிரட்டிப் பெட்டகத்தைத் திறக்க வைத்து, பங்குப் பத்திரம் எல்லாவற்றையும் ஜெர்மன்காரர்கள் வாரிக்கொண்டு போனார்களாம். “அதெல்லாம் சுவிட்சர்லாந்துல வித்துக் காசாகும், அப்புறம் உங்க ஊர் வழியாக் கடல் தாண்டும்மா. யாரும் சந்தேகப்படாத பேருல, சும்மா ஏதோ ஒரு கம்பெனி மாதிரி” என்றாள். அப்பா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

என்னிடம் துணி தைக்கிறவர்களில் மிஸ் விட்கோம்ப் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் இருந்தாள். அவர்கள் தூதரகத்தில் வேலை. ஈரக் கல்லில் கால் வைப்பதுபோலப் பயந்து பயந்து நம் மொழி பேசுவாள். அடுத்த முறை அவள் வந்தபோது, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே, தக்கை இல்லாத தக்கைக் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். மடிப்பு முடிவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. மறுநாள் இன்னொரு பாவாடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் தைக்க ஒன்றுமே இல்லை.

அன்று உன் அத்தானையும் உட்கார வைத்துப் பேசினாள். சூரிச்சிலிருந்து பெரிய தொகை ஒன்று இவர் கம்பெனிப் பெயரில் இங்குள்ள பேங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து புவெனஸ் ஐரிஸுக்குப் போக வேண்டும். அங்கே போய்விட்டால் எதிரியின் ஒற்றர்களுக்கும் சரக்குக்கும் அதுதான் காசு. இவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“அப்போ போட மாட்டேன்னு சொல்லிடறேன், அவ்வளவுதானே” என்றார் இவர்.

“சொன்னால் உங்களைத் தள்ளிட்டு வேற ஆளை வைப்பாங்க. காசு போயிடும்” என்றாள் அவள். “உங்க பேரையும் கம்பெனி பேரையும் எங்க கறுப்புப் பட்டியல்ல போடணும். அது அச்சாகி வந்துட்டா, லண்டனோட வியாபாரம் வேணும்னு நினைக்கிற எந்த பேங்கும் அந்தக் காசைத் தொடாது. அது அங்கேயே கிடக்கும். ஆனா பட்டியல் அந்தோனியார் திருவிழா முடிஞ்சுதான் வரும். அதுவரைக்கும் நீங்க கையெழுத்தும் போடக் கூடாது, மாட்டேன்னும் சொல்லக் கூடாது.”

இவர், “என் பேரு அச்சுல வர்றதுன்னா சாவுச் செய்தியிலதான் வரும்னு நெனச்சேன்” என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். “அமெரிக்காவுல என் சகலை பல்தசாருக்கு மட்டும் சொல்லிடலாமா?”

கூடாது என்றாள். ஒரு வாய் அறிந்தால் ஊரே அறியும்; நம் ரகசிய போலீஸிலும் ஜெர்மன்காரரின் விருந்துக்குப் போய் வருகிறவர்கள் இருந்தார்கள். இவர் தலையை ஆட்டிவிட்டு, “சரி, போட்டுக்கோங்க” என்றார். மாப்பிள்ளை, உங்களைத்தான் அவர் முதலில் நினைத்தார். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வக்கீல் காகிதங்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். வெந்நீர் கொட்டிக் கை வெந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பது எங்கள் திட்டம். அப்படியே அவருக்குச் சொல்லியும் அனுப்பினோம். மைதா மாவைக் குழைத்து, பீட்ரூட் சாறு விட்டு, அவர் வலது கையில் பூசித் துணியைச் சுற்றினேன். பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அவர் முகர்ந்து பார்த்து, “பசிக்குதுடி” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்போது பக்கத்துப் புகையிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, வக்கீலிடமிருந்து போன் வந்தது, கையைப் பார்க்க டாக்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இவர் துணியை அவிழ்த்தார், மாவைக் கழுவினார், கடையின் பின்பக்கம் போனார். அங்கே சவரத்துக்குக் கெட்டிலில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. ஒட்டீலியா, அவர் கத்தவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். “ஏங்க, உங்க கைங்க, அதை வச்சுத்தானேங்க பொழைக்கிறோம்” என்று அழுதேன். “அழுவாதடி, அந்தாளு வந்துட்டான். துணியை எடு” என்றார்.

டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போது கையெழுத்துப் போட முடியும் என்று லசெர்டா கேட்க, “மொதல்ல விரலெல்லாம் ஒட்டாம இருக்கட்டும் சார்” என்றார். இடது கைப் பெருவிரல் ரேகை போதுமா என்று வக்கீல் பேங்குக்கு ஓடினார். பதிவில் உள்ள கையெழுத்துதான் வேண்டும், மாற்ற வேண்டுமானால் பதிவு அலுவலகத்தில் காகிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். அலுவலகமோ திருவிழாவுக்காகப் பூட்டிக் கிடந்தது. நம் ஊர் அலுவலகம் பூட்டியிருப்பதற்காக என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

தெருவெல்லாம் மத்திமீன் சுடும் புகை, ஜன்னலெல்லாம் துளசித் தொட்டி, பாட்டு, ஆட்டம். உன் அத்தான் கையை மேலே தூக்கியபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் வாயில் மீனை ஊட்டிவிட்டுப் போனார்கள். வலியில் கண்ணில் நீர் வரும். புகை என்று சொல்லிக்கொள்வார். திருவிழா முடிந்து பதிவு அலுவலகம் கதவைத் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பேங்க் கதவைச் சாத்திக்கொண்டது. பித்தளைப் பலகையைக் கழற்றினார்கள். ஆங்கிலேயர்கள் தாங்களாகவே மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, உன் அத்தானிடம் வருத்தம் வேறு தெரிவித்துவிட்டுப் போனார் லசெர்டா. அந்தக் காசில் ஒரு காசும் கடல் தாண்டவில்லை.

அதன் பிறகு வந்த இரண்டு வருஷத்தை நீட்டி எழுதப் போவதில்லை. நம் தெரு இங்கிலாந்து பக்கம் என்று உனக்கே தெரியும். கடைக் கண்ணாடியில் சோப்பால் ஜெர்மன்காரர்களின் கொக்கிச் சிலுவையை வரைந்தார்கள். நான் துடைப்பேன், திரும்ப வரைவார்கள். வாடிக்கை போயிற்று. ரொட்டிக் கடை செஃபெரினோ ஒருவர்தான் விடாமல் வந்தார். இவர் வலது கை விரல்கள் மடங்கவில்லை, அதனால் இடது கையால் சவரம் பழக வேண்டியிருந்தது. முதலில் கழுத்தைக் கொடுத்ததும் செஃபெரினோதான். “வெட்டுறதுன்னா காதுக்குப் பின்னால வெட்டுப்பா, என் பொண்டாட்டி பார்க்க மாட்டா” என்பார். உண்மை அவருக்கும் தெரியாது. “நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை, வேறென்ன தெரியணும் எனக்கு” என்று மட்டும் சொல்வார்.

இந்த மே மாதம் ஐரோப்பாவில் சண்டை முடிந்த வாரம், கொடி கட்டிய ஒரு பெரிய கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஆங்கிலேயத் தூதரகத்தின் பெரிய அதிகாரி ஒருவர் இறங்கினார். பின்னால் மிஸ் விட்கோம்ப். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார், கழுத்துப்பட்டையை அவிழ்த்தார், எங்கள் பழைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இவர் இடது கையில் கத்தியை எடுத்தார். மிஸ் விட்கோம்ப் வாசலில் நின்று, நடந்த கதை முழுவதையும் தன் அரைகுறை மொழியில் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். ‘கை’ என்று சொல்ல வந்து ‘கால்’ என்று சொல்லிவிட்டாள். வெந்தது கால் என்று இன்னும் பாதித் தெரு நம்புகிறது. சவரம் முடிந்ததும் அந்த அதிகாரி கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் உன் அத்தானின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். மெதுவாக, வலிக்காமல்.

மறுநாள் காலை வரிசை ரொட்டிக் கடை வரைக்கும் நின்றது. சோப்பால் வரைந்தவனும் அதில் நின்றான். யார் என்று எங்களுக்குத் தெரியும். அவனுக்கும் நன்றாகத்தான் சவரம் செய்து அனுப்பினார்.

போன மாதம் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இனி மாப்பிள்ளை யாரிடமும் எங்கள் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். சொல்ல மனமில்லை என்றாலும் பரவாயில்லை. உங்களுக்கு அங்கே நேர்ந்த அவமானத்தை நான் இந்தக் கடிதத்தால் துடைத்துவிட முடியாது என்று தெரியும்.

உனக்குப் பெண் பிறந்து, இப்போது நிற்கப் பழகுகிறாள், அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறாய் என்று கமீலோதான் சொன்னார். பெர்பெத்துவா. கேட்டதும் உன் அத்தான் எழுந்து போய், குழந்தைக்குக் காலணி தைக்க எங்கள் தெரு செருப்புக்காரரிடம் சிவப்புத் தோல் வாங்கி வந்துவிட்டார், நல்ல மென்மையான தோல். அளவு தெரியாமல் எப்படி வெட்டுவது? குழந்தையைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு கமீலோவிடம் கொடுத்தனுப்பு. ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். பாதம் மட்டும் போதும். குழந்தைகளுக்குக் கால் சீக்கிரம் வளர்ந்துவிடும், அதனால் தள்ளிப் போடாதே.

உங்கள் மூவரையும் கடவுள் காப்பாற்றட்டும்.

என்றும் உன் அக்கா,
ஃபெலிஸ்மினா