கூட இருக்க ஒரு ஆள்

மே 6, புதன்

காலை ஒன்பதுக்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பட்டறையில் தகரக் கூரை வேறு. இரண்டு லாரிக்குப் பெயர் எழுத வேண்டும். ஒன்றுதான் முடிந்தது.

பதினோரு மணிக்கு சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். திங்கள் அட்மிஷன், செவ்வாய் ஆபரேஷன். மார்பை எடுக்கும் ஆபரேஷன். பதினான்கு மாதமாகக் காத்துக் கிடந்த போன். பிரஷ்ஷும் கையுமாக லாரிக்கு அந்தப் பக்கம் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

அப்புறம்தான் போனில் பேசின அந்தம்மா சொன்னது உறைத்தது. "கூட ஒரு ஆள் வரோணுங்க. கையெழுத்துப் போட, மூணு நாள் இருக்க. ஆள் இல்லீன்னா தேதிய அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்."

ஆள்:
1. அம்மா. நாமகிரிப்பேட்டை. "எம்புள்ள செத்துப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி நாலு வருஷம். வேண்டாம்.
2. சுமதி.
3. நவீன்.
4.

நாலாவதுக்குப் பேனா ஓடவில்லை.

மே 7, வியாழன்

சுமதிக்குப் போன். பனமரத்துப்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் ஆண் என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குப் பெட்டியைக் கட்டினாள். இருந்தாலும் கேட்டேன்.

அவள்: "நான் ஒரு பொண்ணத்தான புடிச்சிருந்தேன், கார்த்தி. அத அறுத்துப் போடறதுக்கு நானே வந்து கையெழுத்துப் போடோணுமா?"

கோபம் வரவில்லை. அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் அவளுக்கும் ஒரு சாவுதான். ஆனால் நான் செத்துப்போகவில்லையே. இதோ இருக்கிறேனே.

மார்பை இறுக்கும் பனியன் அக்குளில் உரசிப் புண். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மே 8, வெள்ளி

எடுத்துக்கொள்ள: லுங்கி 2, முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை 3, டம்ளர், சார்ஜர், ஆதார் (இன்னும் பழைய பெயர், பெண் என்றே).

பட்டறையில் குடல்வால் என்று சொல்லி லீவு. வெல்டர் அண்ணன்: "குடல்வாலுக்கு எதுக்குடா மொகம் இப்புடி செத்துக் கெடக்குது? எங்கூட்டுக்காரிக்கு மூணே நாள்ல ஆயிருச்சு." அவரையே கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வார்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலை போய்விடும். பைத்தியக்கார யோசனை.

மே 9, சனி

சாயங்காலம் சேலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கான குழுக் கூட்டம். பதிமூன்று பேர். அடுத்த மாதம் வானவில் ஊர்வலம். நடத்துவது நவீன். பேங்க் வேலை, ஆண்களை விரும்புகிறவர், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். நானும் கை தட்டினேன்.

முடிந்ததும் அவரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது. "அந்த ஆஸ்பத்திரில எங்க சித்தி நர்ஸுங்க கார்த்தி. உங்க கூடப் பாத்தாங்கன்னா என் கதை முடிஞ்சிது. தப்பா நெனைக்காதீங்க." மற்றவர்களையும் கேட்டேன். ஒருத்தருக்கு ஆடிட்டிங். ஒருத்தருக்கு ஊர்ப் பண்டிகை. ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டே "ஆல் த பெஸ்ட்".

கிளம்பும்போது நவீன்: "ஊர்வலத்துல நீங்களும் ராணியம்மாவும் முன்னாடி பேனர் புடிச்சீங்கன்னா நல்லாருக்கும். நாங்க பின்னாடி மாஸ்க் போட்டுட்டு வாறோம்."

த்தூ. வாய்க்குள்ளேதான்.

கடைசி நாற்காலியில் இருந்த ராணியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திருநங்கை, ஐம்பது வயது, ஐந்து மகள்களைத் தத்தெடுத்து வளர்த்தவர். "நாளைக்கு ஊட்டுக்கு வா சாமி" என்றார்.

மே 10, ஞாயிறு

போனேன். ராணியம்மாவோடு திருநங்கைப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதை என்று நினைத்து, அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்ட "பாம்படுத்தி"யைச் சொல்லிவிட்டேன். இருவரும் சிரித்தார்கள். "அது மகளுங்க எங்களுக்குச் சொல்ற கும்பிடு. நீ மகளா வந்திருக்கியா?" காது சுட்டது.

அவர்கள் வீடுகளில் ஒரு மகளுக்கு ஆபரேஷன் என்றால் அம்மா கூடவே இருப்பார். குளிப்பாட்டி, ஊட்டி, நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கு வரைக்கும். எங்களுக்கு அப்படி வீடு கிடையாது. திருநம்பிக்கு யார் அம்மா?

ராணியம்மா பெரியவர்களிடம் எனக்காகப் பேசினார். அவர்கள் மசியவில்லை. ஊட்டுப் பிள்ளைக்குத்தான் செய்யலாம், வெளி ஆளுக்குப் போனால் திருநங்கைகள் ஜமாத் கூடிக் கேள்வி கேட்கும். மகன் என்று சேர்க்கிற வழக்கம் இல்லை. ராணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேருக்கு ஒருக்கா மகள்னு சொல்லிரு சாமி. நான் வாரேன். எனக்குத் தெரியாதா நீ யாருன்னு?"

சொன்னேன். நான் ராணியம்மா மகள்.

பெற்றவள் அடித்துப் பார்த்தாள், மந்திரித்துப் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தராலும் சொல்ல வைக்க முடியாததை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மே 11, திங்கள்

அட்மிஷன். ராணியம்மா பச்சைப் பட்டுச் சேலை, பூ, கையில் பிளாஸ்க். கீழே ஆபீசில் 'உறவு: அம்மா' என்று கையெழுத்துப் போட்டார். சரி என்றார்கள். அவ்வளவு எளிதாக.

ஆதார்படி என்னைப் போட்டது பெண்கள் வார்டில். கட்டிலில் உட்கார்ந்தேன். ராணியம்மா பையைக் கீழே வைக்கவில்லை, வாட்ச்மேன் வந்துவிட்டான். "யோவ், பொம்பளைங்க வார்டுல உனக்கென்ன வேல? ஆம்பளைங்க எல்லாம் வெளிய." சேலையைப் பிடித்து இழுக்காத குறை.

முப்பது பேர் இருந்த அறையில் ஒரே ஆண் நான்தான். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ராணியம்மா என்னைப் பார்த்தார். அவங்க பொம்பளை, நான்தான் ஆம்பளை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என்னையும் வெளியே தள்ளியிருப்பார்கள். கட்டில் போகும், தேதி போகும். அவங்க எங்கம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் இவ்வளவுதான். நவீனைப் பார்த்துத் துப்ப எனக்கு என்ன யோக்கியதை?

ராணியம்மாவுக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

மே 12, செவ்வாய்

ஆறு மணி. எட்டுக்குக் கூப்பிடுவார்களாம். தண்ணீர்கூடக் கூடாது. எழுத்து கோணல்.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் துணையாக வந்திருக்கும் கெங்கவல்லிக்கார அம்மா டீ வாங்கிக்கொண்டு இப்போதுதான் மேலே வந்தார். மூச்சு வாங்க என்னிடம் சொல்கிறார்:

"கீழ படிக்கட்டுல பச்சச் சேலக்காரி ஒருத்தி ராத்திரியெல்லாம் ஒக்காந்திருக்காம்மா. போற வர்றவங்களயெல்லாம் புடிச்சி, எம் பையன் தூங்குனானா, எம் பையன் பயப்படறானான்னு கேக்குறா. பாவமா இருந்துச்சு. இது பொம்பளைங்க வார்டு, இங்க பையன் யாரும் இல்லம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."