மகளின் பெயர் கேட்ட முதலாளி

அன்புள்ள யுஸ்ராவுக்கு ரசாக்கின் சலாம். உன் உடம்பு தேறிவிட்டதா? பிள்ளை பால் குடிக்கிறாளா? துபாயில் நான் நலம்.

வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓடியது. வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் ஓடும் ரயிலைப் போன்ற பெரிய பொம்மை ரயில். ஒவ்வொரு பெட்டியும் நம் தையல் மிஷின் நீளம். கடையில் வாங்கிய பெட்டிகளில் ஜன்னல்களை அறுத்துத் திறந்து, சிவப்பு பூசியது நான். முதல் வளைவிலேயே எஞ்சின் செம்பருத்திக்குள் புகுந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி, "மகளுக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். வீட்டிலிருந்து வந்த தந்தியில் பெண் குழந்தை என்று மட்டும்தான் இருந்தது. நான் குனிந்து எஞ்சினைச் செடியிலிருந்து வெளியே எடுத்தேன்.

"ஏனுங்க, பிரசவத்துக்குள்ள வந்துருவீங்கல்ல?" என்று போனில் கேட்டாயே. "லீவு இல்லீனுட்டாங்க" என்றேன். அது பொய், யுஸ்ரா. முதலாளி போகத்தான் சொன்னார். பாதி பூசிய பெட்டிகளை இன்னொருவன் கையில் விட மனமில்லாமல் நான்தான் மறுத்தேன்.

இப்போது லீவு கேட்டுவிட்டேன், அடுத்த மாதம் வருகிறேன். அதற்குள் ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் தேங்காய் எண்ணெயும் அவள் போட்டோவும் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கோபம் தீராவிட்டாலும், அவளை நீங்களெல்லாம் என்னவென்று கூப்பிடுகிறீர்கள் என்று மட்டும் எழுது.

ரசாக்