கிரேன் ஏணி ஏறுகிறவருக்கு

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் நலம். நீங்களும் நலம் என்று எழுதி எழுதியே என்னை நம்ப வைத்தீர்கள். இனி அந்த வார்த்தையை நீங்கள் எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆறு மாதத்துக்கொரு முறை எடுக்க வேண்டிய எக்கோ ஸ்கேனுக்கு உங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவையாக வரவில்லையே என்று நர்ஸ் கேட்டார். எந்த ஸ்கேன் என்று கேட்டேன். நேரில் வந்து பாருங்கள் என்றார். மறுநாள் நேரில் போனேன். ஃபைலில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உங்கள் தம்பி போட்டிருக்கிறார். கேட்டால், அண்ணன்தான் சொல்லாதேன்னாரு அண்ணி என்கிறார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்த நான், ரகசியத்துக்கு வேறு ஆள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். அந்த இடுக்கு வழியே தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகிறதாம். மாத்திரையால் திறக்காது, வால்வை மாற்றத்தான் வேண்டும்; நெஞ்சைத் திறந்தோ, தொடை ரத்தக்குழாய் வழியாகவோ செய்வார்களாம். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். வாங்கினால் தள்ளிப்போடக் கூடாது, திடீரென்று மயக்கமும் வரும் என்றார். நீங்கள் இருபது மாடி உயரத்தில் வேலை பார்க்கிறீர்கள்.

லீவில் வந்தபோது மேட்டுத் தெரு ஏறுகையில் கடைக்குக் கடை நின்றீர்களே, வாங்குகிற உத்தேசம் இல்லாதவருக்கு இத்தனை வேடிக்கையா என்று கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். காலையில் கிரேனில் ஏறினால் மாலையில்தான் இறங்குவேன், சாப்பாடும் மேலேயே என்று எழுதினீர்கள். என் வீட்டுக்காரர் உழைப்பைப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமையடித்தேன். இன்னொரு தடவை ஏற முடியாது என்றுதான் நீங்கள் இறங்கவில்லை. என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள்.

வேலை போய்விடும் என்று பயந்திருப்பீர்கள். அந்தப் பயத்தையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாமல் நானும் ஒன்று செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வாங்கிய ரிப்போர்ட்டின் நகலை நேற்றே உங்கள் சைட் இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உங்களை ஏணி பக்கமே விடமாட்டார்கள். திட்டுவதென்றால் இங்கே வந்து, என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள்.

பத்தாம் தேதி டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். மேட்டுத் தெரு வழியாகவே போவோம், எத்தனை கடை முன்னால் வேண்டுமானாலும் நிற்கலாம். இந்தத் தடவை கையெழுத்து நான் போடுகிறேன்.

கோபம் தீராமல் காத்திருக்கும்,
உங்கள் மனைவி